கலைச்சொல்: அடிமரத்தில் பூப்பதை என்னவென்று சொல்வது?

மாஸ்டர், அக்கா, மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

நமது மரம் பார்க்கும் நடைக்காக எழுதிக்கொண்டிருக்கும் இணைக்கவர்ச் சுட்டி (படிக்கு இரண்டு தெரிவாகக் கேட்டுக் கேட்டு மரத்தின் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்) நாலாம் படியில் வந்து முட்டி நிற்கிறது. பூ எங்கே பிடிக்கிறது என்று கேட்கும் படி அது. இலையுள்ள இளங்கொப்பில் பிடித்தால் ஒரு கவர். அதற்கு நுனிப்பூ, கக்கப்பூ (இலைக்காம்பு கொப்போடு சேரும் இடுக்கில் பூப்பது) என்று எழுதிவிட்டேன். இலையே இல்லாத பழைய மரத்தில், அடியிலோ பெருங்கொப்பிலோ நேரே பிடித்தால் மற்றக் கவர். அதற்குச் சொல் இல்லாமல் ஒரு முழு வசனம் எழுதி வைத்திருக்கிறேன். கொழும்பு வெயிலில் நின்று யார் அதை வாசிப்பது?

ஆங்கிலத்தில் இதற்குக் கோலிஃப்ளோரி என்று பெயர். லத்தீனில் கோலிஸ் என்றால் தண்டு, ஃப்ளோஸ் என்றால் பூ. மரக்கறிக் கடையில் வாங்கும் பூக்கோவாவின் (காலிஃபிளவர்) ஆங்கிலப் பெயரும் இதே வேர்களில் இருந்து வந்ததுதான். அந்த உறவு வம்பாகிவிட்டது. மருமகள் ரியூஷனில் இருந்து கொண்டுவந்த குறிப்பில் 'பலா, கொக்கோ ஆகியன பூக்கோவாத் தன்மை உடையன' என்று அச்சடித்திருந்தது. எந்த வகுப்பு என்று கேட்காதீர்கள். பிள்ளை அதைப் பாடமாக்கியும் விட்டாள். ஆகவே நாம் ஒரு சொல்லைச் செய்து வைக்காவிட்டால் அந்த இடத்தில் கோவா வந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். போன ஞாயிறு விகாரை வாசலில் நின்ற நாகலிங்கத்தை எல்லோரும் பார்த்தீர்கள். இலைகளெல்லாம் உயரே. பூவோ நமது முழங்கால் மட்டத்தில் இருந்தே தொடங்குகிறது. அடிமரத்தைப் பிளந்துகொண்டு கயிறு கயிறாகக் காம்புகள் வெளியே வந்து, அதில் சதைப்பிடிப்பான ஆறு இதழ்ப் பூக்கள். சிங்களவர் இதைச் சல் மரம் என்று சொல்லி விகாரைகளில் வைத்திருக்கிறார்கள். நாம் பூவின் நடுவில் லிங்கத்தையும் பாம்புப் படத்தையும் கண்டு சிவன் கோயிலில் வைத்திருக்கிறோம். மரமோ தென்னமெரிக்காவில் இருந்து வந்தது, இரண்டு சமயத்தாருக்கும் உறவில்லை. அந்தப் படம் உண்மையில் வளைந்த ஒரு கேசரத் தொகுதி, கேசரம் என்றால் பூவில் மகரந்தம் தரும் உறுப்பு. நடுவில் வளையமாக நிற்கும் கேசரங்களின் மகரந்தந்தான் முளைக்கும், படத்தில் உள்ளது வண்டுகளுக்கும் தேனீக்களுக்கும் போடும் தீனி. அதற்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். அது இன்னொரு மடலுக்கு.

நாகலிங்கம் மட்டும் என்றால் சொல் தேவையில்லை. பிலிம்பியைப் பாருங்கள், சிங்களத்தில் பிலிங். அடிமரத்தில் கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்னப் பூக்கொத்து, பிறகு அதே இடத்தில் குலையாகக் காய். நம்நம் என்று சிலர் வளவில் வைத்திருப்பார்கள், சுருங்கிய சிறுநீரகம் மாதிரிப் புளிப்புக் காய். அதன் அறிவியற் பெயரின் பின்பாதியே 'கோலிஃப்ளோரா' தான். கொக்கோ, பலா. எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் யாரும் நடாமல் முளைத்த பேயத்தி. அத்திகளில் இலை எதிரெதிராக வருவது அபூர்வம், பேயத்தியில் வரும். இலையைத் தடவினால் அரத்தாள் மாதிரிச் சுரசுரப்பு. ஆனால் காட்டில் இதைத் தூரத்திலேயே காட்டிக்கொடுப்பது அடிமரத்தில் தொங்கும் காய்தான்.

இனி சொற்கள்.

மாஸ்டர் 'தண்டுப்பூ' என்றீர்கள். பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, சரி. ஆனால் பாடப்புத்தகத் தண்டு என்பது முழுத் தண்டுத் தொகுதி, இளங்கொப்பும் அதில் அடங்கும். அப்படிப் பார்த்தால் செவ்வரத்தையும் தண்டில்தான் பூக்கிறது. பேச்சிலோ தண்டு என்றால் கீரைத்தண்டு, வாழைத்தண்டு. பலாவின் அடியைக் காட்டி யாரும் தண்டு என்பதில்லை.

தம்பி ஒருவர் கோட்டுப்பூவில், அதாவது கொம்பில் பூக்கும் பூவில், இருந்து தொடங்கலாம் என்றார். நல்ல யோசனை. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று நாலாகப் பிரித்த மொழிக்கு ஐந்தாவது ஒன்று பெரிய பாரமா? ஆனால் அவர் அதற்குச் சான்றாகக் காட்டிய 'வேர்க்கோட் பலவின்' வேறு கதை. குறுந்தொகையில் கபிலர் பாட்டு. அங்கே கோட் என்பது கோடு இல்லை, கோள். குலை என்று பொருள். ளகரம் பகரத்துக்கு முன்னால் டகரமானது. கோடு என்றிருந்தால் கோட்டுப் பலா என்று வந்திருக்கும். அதே பாட்டில் கீழே 'சிறுகோட்டுப் பெரும்பழம்' என்று வருகிறதே, அதுதான் கொம்பு. வேரடியில் குலை தாங்கிய பலா ஒரு பக்கம், சின்னக் கொம்பில் பெரிய பழம் தொங்குவது மறுபக்கம். நமது நாலாம் படியின் இரண்டு கவரும் ஒரே பாட்டில் கிடக்கின்றன! அந்தச் சந்தோசத்தில் 'அடிக்கோள்' என்று எழுதிப் பார்த்தேன். மருமகளிடம் காட்டினேன். "அது என்ன மாமா, புதுக் கிரகமா?" என்றாள். கோளைக் கைவிட்டேன்.

'மேனிப்பூ' என்று அக்கா எழுதியிருந்தீர்கள். வாசிக்க அழகாக இருக்கிறது. கவிதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சுட்டிக்கு வேண்டாம்.

எனது முன்மொழிவு 'பட்டைப்பூ'. காரணம் இது. இந்தப் பூக்களின் அரும்பு புதிதாக எங்கிருந்தோ வருவதில்லை. மரம் குச்சியாக இருந்தபோது அந்த இடத்தில் ஓர் இலை இருந்தது, அதன் கக்கத்தில் ஓர் அரும்பும் இருந்தது. இலை விழுந்துவிட்டது, குச்சி தடித்து மரமாகிவிட்டது, அரும்பு மட்டும் பட்டைக்கடியில் உறங்கிக் கிடந்து ஆண்டுகள் கழித்துப் பூக்கிறது. கொக்கோவில் பழைய இலைத்தழும்பின் மேலே மெத்தை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், வருடா வருடம் அதே புடைப்பில்தான் பூ. ஆகவே உள்ளே போய்ப் பார்த்தால் இதுவும் கக்கப்பூதான். கண்ணுக்கு மட்டும் பட்டையில் இருந்து வெடித்து வருவதாகத் தெரிகிறது. சுட்டி கண்ணுக்காக எழுதுவது. அத்தோடு, பட்டை என்றால் அடிமரத்துக்கும் பெருங்கொப்புக்கும் பொது. துரியன் பெருங்கொப்பில் பூப்பது, அதையும் இதற்குள் அடக்கலாம்.

என்ன சொல்கிறீர்கள்?

வெள்ளவத்தையில் இருந்து

•

மாஸ்டரின் பதில்:

தம்பி, விளக்கம் நன்று. சொல் நன்றன்று. கறுவாத்தோட்டத்தில் நின்றுகொண்டு பட்டைப்பூ என்றால் கேட்பவன் கறுவாவின் (இலவங்கப்பட்டை மரத்தின்) பூவைத் தேடுவான். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் சொல்கிறேன், ஒரு சொல்லை முதன்முறை கேட்கும்போது மனதில் பதியும் தவறான படம் கடைசி வரை போகாது. உங்கள் மருமகளின் கோவாவே சாட்சி.

தண்டு பொதுச்சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அதற்கு ஓர் அடை கொடுங்கள். முதுதண்டு. 'முதுதண்டுப் பூப்பு'. அடிமரமும் அடங்கும், முதிர்ந்த கொப்பும் அடங்கும், இளங்குச்சி வெளியே நிற்கும். மயக்கம் இல்லை.

இன்னொன்று, கோளைப் பற்றி எழுதியது சரி. ஆனால் வேரில் காய்ப்பதை அந்தக் காலத்தவர் கண்ட கண்ணால்தான் சொன்னார்கள். உண்மையில் பலா காய்ப்பது வேரில் அல்ல, அடிமரத்தின் கீழ்ப்பகுதியில். அதையும் நடையில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

•

தெகிவளை அக்காவின் பதில்:

மேனிப்பூவைக் கவிதைக்கு அனுப்பியதற்கு நன்றி தம்பி, அங்கேயாவது இருக்கட்டும்.

நான் கேட்பது அத்தியைப் பற்றி. அத்தி பூத்தாற்போல என்று ஊர் முழுக்கச் சொல்கிறோம், ஏனென்றால் அதன் பூவை யாரும் காண்பதில்லை. பூவெல்லாம் அந்த உருண்டைக்குள்ளே. உங்கள் சுட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேயத்தியின் முன்னால் நிற்கும் பிள்ளை 'பூ எங்கே?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? காய்ப்பு என்று சொல்லில் வரவேண்டும். பலாவிலும் அப்படித்தான், அடிமரத்தில் இருக்கும் பெண்பூந்துணரை (பெண் பூக்கொத்தை) பூ என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிஞ்சு என்றுதான் நினைக்கிறோம், பொலொஸ் கறிக்கு எத்தனை நாளில் ஆகும் என்று பார்க்கிறோம்.

முதுதண்டு எனக்குச் சம்மதம். ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள். மு-து-த-ண்-டு. நடையில் சொல்லும்போது நான் அடிமரப்பூ என்றுதான் சொல்வேன். விளக்கம் கேட்க மாட்டார்கள்.

•

மறுபடியும் நான்.

மாஸ்டர், கறுவாவில் மாட்டுவேன் என்று நினைக்கவே இல்லை. பட்டையை மீளப்பெறுகிறேன். அக்கா சொன்னதும் உண்மை, முதுதண்டு பரீட்சைத் தாளுக்குப் பொருந்தும், வாய்க்குப் பொருந்தாது. இரண்டையும் வைத்துக்கொள்வோம். சொற்பட்டியலில் பொதுப்பெயர் முதுதண்டுப் பூப்பு. அதற்குள் இரண்டு: அடிமரப்பூ, பெருங்கொப்புப்பூ. நமது சுட்டியில் இந்த இரண்டும் மட்டும் வரும், பொதுப்பெயர் வராது. ஒரே பொருளுக்கு ஏட்டில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருப்பது இந்த மொழியில் புதிதில்லை.

அத்திக்காகச் சொல்லை மாற்ற எனக்கு மனமில்லை. காய்ப்பு என்று வைத்தால் பூத்துக் காய்க்காத காலத்தில் நாகலிங்கத்தை எங்கே வைப்பது? ஆனால் படியில் உள்ள கேள்வியை மாற்றிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது:

4. பூவோ காயோ இலையுள்ள இளங்கொப்பில் மட்டும் – 5க்குப் போக.
4. பூவோ காயோ அடிமரத்திலோ பெருங்கொப்பிலோ, இலையின்றி – அடிமரப்பூ, பெருங்கொப்புப்பூ மரங்கள், 19க்குப் போக.

அசோகு இரண்டிலும் வரும், இளங்கொப்பிலும் பூக்கும், முதிர்ந்த மரத்திலும் பூக்கும். அதை இரண்டு கவரிலும் போட்டுவிட்டேன். அசோகு என்று நான் சொல்வது காட்டு அசோகு, மதிலோரம் நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்கத்தை அல்ல. போன முறை அதிலேயே அரை மணித்தியாலம் போனது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கால்வாய்க் கரையில் பேயத்தியிடம் வாருங்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளிடம் சுட்டியைக் கொடுத்துவிட்டு நாம் வாய் திறக்காமல் நிற்போம், நாலாம் படியைத் தாண்டுகிறார்களா பார்ப்போம். பிலிம்பி நான் கொண்டுவருகிறேன். உப்பும் மிளகாய்த்தூளும் அக்கா பொறுப்பு.