ஹைட்ரோடால்சைட் வினையூக்கி மூன்றாவது தடவையிலேயே படுத்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

பென்சால்டிஹைடும் அசிட்டோபீனோனும் சேர்த்து சால்கோன் என்ற சேர்மத்தைச் செய்கிறேன். சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் கடைசியில் அமிலம் ஊற்றி நடுநிலையாக்கி அந்த உப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்ற தலைவலி, அதனால்தான் கரையாத திடக் காரமாக, மெக்னீசியம்-அலுமினியம் 3:1 விகிதத்தில் உள்ள ஹைட்ரோடால்சைட்டை 450 டிகிரி செல்சியஸில் சுட்டுப் பயன்படுத்துகிறேன். பொடியை வடிகட்டினால் வேலை முடிந்தது, அதையே அடுத்த தடவைக்கும் போடுகிறேன்.

முதல் தடவை அருமை, டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பகுப்பு) தகட்டில் ஆல்டிஹைடு புள்ளியே இல்லை, எல்லாம் வினைபட்டுவிட்டது. இரண்டாவதில் லேசாகத் தெரிந்தது. மூன்றாவதில் பாதி அப்படியே நிற்கிறது. வெள்ளையாக இருந்த பொடி இப்போது வெளிர் மஞ்சள், எத்தனாலில் எத்தனை முறை கழுவினாலும் நிறம் போகவில்லை.

உலோகம் கரைந்து வெளியேறுகிறதோ என்று பாதியில் சூடாகவே வடிகட்டி, வடிநீரை மட்டும் தொடர்ந்து சூடாக்கிப் பார்த்தேன், வினை நகரவில்லை. ஆக அது இல்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு பொடியின் காரத் தளங்களில் (வினையை நடத்தும் இடங்களில்) ஏறிக்கொள்கிறது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் பென்சால்டிஹைடு பாட்டில் வாயில் வெள்ளைப் படிகம் அப்பியிருக்கிறது, பென்சாயிக் அமிலமாகத்தான் இருக்கும். அதுவே காரத் தளங்களைக் கொன்றிருக்கலாம், இதை முதலிலேயே கவனிக்காதது என் தப்பு.

ஆல்டிஹைடைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவி, குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்தால் போதுமா? பொடியை ஒவ்வொரு முறையும் திரும்பச் சுடத்தான் வேண்டுமா? அவ்வளவு மின்சாரம் செலவழித்துவிட்டு இதைப் பசுமை வேதியியல் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சுட்ட பிறகு கார்பன் டைஆக்சைடு இல்லாத நீரில் நனைத்துப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு நேரம் வைத்தீர்கள், எப்படி உலர்த்தினீர்கள் என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.