மினியே குண்டில் சுருக்கம், விளிம்பும் நிரம்பவில்லை: கோளாறு ஈயத்திலா, அச்சிலா?

வார்ப்புக்கரண்டி:
வணக்கம். 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிளுக்கு மினியே குண்டு (அடியில் குழியுள்ள ஈயக் குண்டு) வார்க்கிறேன். குழல் .577 அங்குலம், அச்சு .575 அங்குலம், இரும்பு அச்சு, ஒற்றைக் குழி. குண்டின் உடம்பெல்லாம் சுருக்கம். அடிக்குழியைச் சுற்றியுள்ள மெல்லிய விளிம்பு ஒரு பக்கம் நிரம்புவதே இல்லை. 20 குண்டுகளை நிறுத்ததில் 31.6 கிராமிலிருந்து 32.9 வரை வருகிறது. ஈயம் பாதி பழைய தண்ணீர்க் குழாய், பாதி கார் சக்கர எடைக்கட்டி. சூட்டை 400 டிகிரி செல்சியஸிலிருந்து 450க்கு ஏற்றியும் சுருக்கம் போகவில்லை. 50 மீட்டரில் அட்டையில் விழும் ஓட்டை வட்டமாக இல்லை, குண்டு பக்கவாட்டில் பட்ட மாதிரி நீளமாக இருக்கிறது. முதலில் எதை மாற்றுவது?

காரீயம்:
முதலில் சக்கர எடைக்கட்டியை நிறுத்துங்கள். அதில் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருக்கிறது, ஈயத்தைக் கடினமாக்கிவிடும். மினியே குண்டு குழலைவிடச் சற்றுச் சின்னது. மருந்து வெடிக்கும்போது வரும் வாயு அடிக்குழிக்குள் புகுந்து விளிம்பை விரித்தால்தான் அது குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளத்தைப் பிடித்துச் சுழலும். கடின ஈயம் விரியாது, சுழற்சி கிடைக்காது, குண்டு காற்றில் புரளும். உங்கள் நீள ஓட்டைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சுத்த ஈயம் 327 டிகிரியில் உருகும். கட்டை விரல் நகத்தால் கீறினால் பளிச்சென்று கோடு விழ வேண்டும். தரையில் போட்டால் 'தொப்' என்று விழ வேண்டும், கணீரென்று ஒலித்தால் கலப்பு. பழைய குழாய் நல்லதுதான், ஆனால் பற்றவைத்த மூட்டில் வெள்ளீயம் இருக்கும், அந்தத் துண்டை வெட்டி ஒதுக்கிவிடுங்கள். குழாயை நீளவாக்கில் பிளந்து, உள்ளே ஈரமில்லை என்று பார்த்த பிறகே சட்டியில் போடுங்கள். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போய்விட்டால் நொடியில் ஆவியாகிச் சட்டியிலுள்ளதை முகத்தில் அடிக்கும். கார் பேட்டரித் தகட்டைத் தொடவே தொடாதீர்கள். அதைக் கிளறும்போது ஆர்சின் என்ற நச்சு வாயு வரலாம்.

அச்சுக்காரர்:
ஈயம் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் சுருக்கம் வேறு கதை. அது குளிர்ந்த அச்சின் அடையாளம், இல்லாவிட்டால் குழியில் எண்ணெய் இருக்கிறது. சட்டியின் சூட்டை ஏற்றி அச்சின் குளிரைச் சரிசெய்ய முடியாது, கசடுதான் கூடும். 400–420 போதும்.

எண்ணெயைக் கரைப்பானால் துடைத்து உலரவிடுங்கள். அச்சைச் சட்டி விளிம்பில் சாய்த்து வைத்துச் சூடேற்றுங்கள். அடிக்குழி உண்டாக்கும் முளையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அது தனித் துண்டு, சீக்கிரம் ஆறிவிடும். அது ஆறினால் விளிம்பு நிரம்பாது. அதையும் சூடாக்கி, இடைவெளி விடாமல் ஒரே வேகத்தில் வார்த்துக்கொண்டே இருங்கள். முதல் 10, 15 குண்டு மறுபடி சட்டிக்குத்தான். அச்சின் மேலுள்ள ஊற்றுவாய்த் தகட்டைத் தட்டி மிச்ச ஈயத்தை வெட்டும்போது ஈயம் இழுபட்டால் அச்சு அதிகச் சூடு. ஓங்கித் தட்டினால்தான் வெட்டுகிறது என்றால் குளிர்.

எடை வித்தியாசம் உள்ளே இருக்கும் காற்றுக்குழியால். கரண்டி மூக்கை ஊற்றுவாயில் ஒட்டிப்பிடித்து, நிரம்பிய பிறகும் 2, 3 நொடி அப்படியே வையுங்கள். குண்டு ஆறிச் சுருங்கும்போது மேலிருந்து ஈயத்தை இழுத்துக்கொள்ளும். வாய்மேல் குமிழாக ஈயம் நிற்க வேண்டும்.

வார்ப்புக்கரண்டி:
சுத்த ஈயத்துக்கு மாறினால் குண்டின் விட்டமும் மாறுமா? எடையில் எதை ஒதுக்குவது?

காரீயம்:
மாறும். அதே அச்சில் சுத்த ஈயம் ஆன்டிமனிக் கலப்பைவிடச் சற்றுச் சின்னதாக விழும், எடை கூடும். அதனால் பழைய எடையோடு ஒப்பிட வேண்டாம். ஒரே வார்ப்பில் 50 குண்டு நிறுத்து, எந்த எடையில் அதிகம் குவிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 0.2 கிராம் குறைந்தால் உள்ளே குழி என்று கொண்டு உருக்கிவிடுங்கள். குவியலைவிடக் கூடுதலாக வந்தால் அச்சின் இரண்டு பாதியும் சரியாக மூடவில்லை.

.577 என்று பெயர் இருந்தாலும் பழைய குழல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். மருந்தோ குண்டோ உள்ளே இல்லை என்று உறுதிசெய்து, எண்ணெய் தடவிய குழலில் சற்றுப் பெரிய மென்னீயத் துண்டைக் கோலால் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். குண்டு அதைவிட 0.025 முதல் 0.05 மி.மீ. குறைவாக இருந்தால் போதும். அதற்கு மேல் சின்னதென்றால் எவ்வளவு நல்ல ஈயமும் விரிந்து பிடிக்காது, அச்சைத்தான் மாற்றணும்.

அச்சுக்காரர்:
ஒன்று விட்டுப்போச்சு. புகையைவிடக் கசடுத்தூள்தான் உடம்புக்குள் போகும். தேன்மெழுகு போட்டுக் கிளறி, மேலே வருவதை மூடி போட்ட டப்பாவில் சேருங்கள். அந்த மெழுகுப் புகை தீப்பிடிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். காற்றோட்டமுள்ள இடம், கண்ணாடி, தோல் கையுறை, கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.