ஓய்வுக்குப் பிறகும் சைட்: சிவில் இன்ஜினியர் கம்பெனிக்குப் போகலாமா?

ரசமட்டம்:
பென்ஷன் போதும், ஆனால் சைட்டை விட மனசில்லை என்கிற சிவில் இன்ஜினியர்களைக் கட்டுமானக் கம்பெனிகள் வாரம் மூன்று நாள் 'ஆலோசகர்' என்று கூப்பிடுகின்றன. போகலாம் என்பது என் கட்சி. பால்கனி சிலாபில் மெயின் கம்பி மேல்பக்கம் இருக்கணும். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து மிதித்தே அதை அடிக்கு இறக்கிவிடுவார்கள். சென்ட்ரிங் (தாங்கி நிற்கும் பலகையும் முட்டும்) பிரித்ததும் சுவரோரமாக விரிசல் விடும், சில சமயம் பால்கனியே தொங்கிவிடும். கொட்டுவதற்கு முன்பு குனிந்து, மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பி போதுமா என்று பார்க்கிற கண் புதுசாக வந்த பையனுக்கு உடனே வராது.

தூக்குக்குண்டு:
கம்பெனி வாங்குவது கண்ணை இல்லை சார், கையெழுத்தை. முதல் மாதம் கம்பி பார்க்கச் சொல்வார்கள். மூன்றாம் மாதம், காலே வைக்காத கட்டடத்துக்கு ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் (கட்டடம் உறுதி என்ற சான்று) மேசைக்கு வரும். அடுத்து, "உங்க பழைய ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." மத்திய அரசு 'ஏ' பிரிவில் இருந்தவர் என்றால் ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலைக்கு முன் அனுமதியும் வேண்டும். அதை யாரும் சொல்வதில்லை.

உடம்பையும் பாருங்கள். பைஃபோக்கல் கண்ணாடியின் கீழ்ப்பாதி வாசிப்பதற்கானது. சாரத்தில் இறங்கும்போது அதன் வழியாகப் பார்த்தால் அடுத்த படி மங்கலாகத்தான் தெரியும், கால் தவறும். பிபிக்கு நீர் மாத்திரை போடுகிறவர் மே மாத உச்சி வெயிலில் சிலாப் மேல் நின்றால் தலை சுற்றும்.

ரசமட்டம்:
சைட்டுக்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாகப் போட்டுக்கொண்டால் ஆச்சு. வேலை நேரம் காலை 7 முதல் 10. கையெழுத்து விஷயத்தை நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கணும்: நேரில் பார்க்காத வேலைக்குச் சான்று கிடையாது, அரசு அலுவலகத்துக்குப் போவதில்லை, காங்கிரீட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உண்டு. இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளாத கம்பெனிக்குப் போகவேண்டாம், அவ்வளவுதான்.

பேரேடு:
ரெண்டு பேரும் பணத்தைத் தொடவே இல்லை. சம்பளமா, ஃபீஸா என்று முதலில் கேளுங்கள். ஃபீஸ் என்றால் 10% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிப்பார்கள். அதைப் பார்த்து மிரள வேண்டாம். 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை, பென்ஷன் 9 லட்சம், ஃபீஸ் 8 லட்சம், வேறு வருமானம் இல்லை என்று வையுங்கள். அனுமான வரி முறையில் இன்ஜினியர் ஃபீஸில் பாதியை, அதாவது 4 லட்சத்தை, வருமானமாகக் காட்டினால் போதும். பென்ஷனில் நிலைக்கழிவு 75,000 போக மொத்தம் 12.25 லட்சம். 12 லட்சத்துக்கு மேல் போனது 25,000தான் என்பதால் வரியும் அவ்வளவே, செஸ் சேர்த்து 26,000. பிடித்தது 80,000. மீதி 54,000 திரும்ப வரும். கோட்டை விடுவது எங்கே என்றால், பழக்கதோஷத்தில் வரிக்கணக்குப் படிவம் ஐடிஆர்-1 போடுவதில். இதற்கு ஐடிஆர்-4.

தூக்குக்குண்டு:
கணக்கு சரி, ஆனால் கம்பெனிதான் வேண்டுமா? சொந்த வீடு கட்டுகிறவருக்கு வருகைக்கு இவ்வளவு என்று பார்த்துக் கொடுக்கலாமே. அஸ்திவாரக் குழி, ஃபுட்டிங் கம்பி, பிளிந்த் பீம் (தரைமட்ட பீம்), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), கூரைக் கம்பி, சென்ட்ரிங் பிரிக்கும் நாள் என்று ஆறு தடவை போனால் போதும். கூரைக்குப் போகும்போது டேப் எடுத்து கவர் பிளாக்கை (கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் கட்டை) அளந்து பாருங்கள்: சிலாபுக்கு 20 மிமீ, பீமுக்கு 25, தூணுக்கு 40. ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், அது நகர்ந்துவிடும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள சிலாபுக்கு முட்டு 7 நாளாவது நிற்கணும், அதற்கு மேல் 14. மேஸ்திரிக்குப் பலகை அடுத்த சைட்டுக்கு அவசரம், நாலாம் நாளே கையை வைப்பார்.

ரசமட்டம்:
அங்கேதான் சிக்கல். உங்கள் பேச்சை மேஸ்திரி ஏன் கேட்கணும்? ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்த காங்கிரீட்) லாரி வாசலில் நிற்கிறது, சலானில் ஏற்றிய நேரம் பார்த்தால் 2 மணி நேரம் தாண்டிவிட்டது, டிரைவர் டிரம்மில் தண்ணீர் விடுகிறார். கம்பெனி ஆளாக இருந்தால் திருப்பி அனுப்பலாம். வருகைக்கு ஃபீஸ் வாங்கும் நீங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

தூக்குக்குண்டு:
கான்டிராக்டர் ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: 'இன்ஜினியர் எழுதிக்கொடுத்த பிறகே காங்கிரீட், அந்தச் சீட்டைப் பார்த்த பிறகே அடுத்த தவணை.' தவணை நின்றால் மேஸ்திரி கேட்பார்.

பேரேடு:
அந்த வழிக்குப் போனால் ஒன்று. வீட்டுக்காரர் டிடிஎஸ் பிடிக்கமாட்டார். மூத்த குடிமக்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் (ஆண்டு முடியும் முன்பே கட்டும் வரி) இல்லை என்ற சலுகை தொழில் வருமானம் உள்ளவருக்குக் கிடையாது. கட்டவேண்டிய வரி 10,000 வந்துவிட்டால் மார்ச் 15க்குள் கட்டிவிடுங்கள், இல்லையேல் வட்டி.

ரசமட்டம்:
ஒப்பந்தத்தில் தவணையை நிறுத்தும் அந்த வாசகம் நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்குக் காங்கிரீட் போடுகிற மேஸ்திரியை எந்தச் சீட்டு தடுக்கும்?