கிரெகோரியா தே ஹெசுஸ்: போனிபாசியோவின் மனைவி என்று மட்டும் அறிமுகம் செய்யலாமா?

குடியாத்தம் ஆசிரியை:
வணக்கம். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான பிலிப்பைன்ஸ் விடுதலைப் போரில் ஈடுபட்ட கிரெகோரியா தே ஹெசுஸைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் பேசவிருக்கிறாள். "கத்திபூனான் இயக்கத் தலைவர் ஆந்திரேஸ் போனிபாசியோவின் மனைவி; கணவரை ஸ்பானியர் கொன்றபின் துயரில் வாழ்ந்தவர்" என்று எழுதி வந்திருக்கிறாள். இது எனக்கு நிறைவளிக்கவில்லை. அவர் தாமாக ஆற்றிய பணி என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காட்பாடி வாசகர்:
அம்மா, முதலில் ஒரு பிழையைத் திருத்திவிடுங்கள். போனிபாசியோவைக் கொன்றவர்கள் ஸ்பானியர் அல்லர். புரட்சியாளர்களுக்குள் எழுந்த தலைமைப் பூசலில், மற்றொரு புரட்சித் தலைவரான எமிலியோ அகினால்டோவின் தரப்பினரே அவரைக் கைது செய்து, விசாரித்து, 1897 மே 10 அன்று மரண தண்டனையை நிறைவேற்றினர். அதற்கு முந்தைய நாள்தான் கிரெகோரியாவுக்கு 22 வயது நிறைந்திருந்தது.

1892இல் மணிலாவில் இரகசியமாகத் தொடங்கப்பட்ட கத்திபூனான் இயக்கத்தின் ஆவணங்களும் முத்திரையும் கிரெகோரியாவின் பொறுப்பில் இருந்தன. காவலர்கள் சோதனையிட வரக்கூடும் என்ற செய்தி கிடைத்ததும், அவற்றை எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் ஏறி, ஆபத்து நீங்கும்வரை தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருப்பார். அந்தத் தாள்கள் பிடிபட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். என் பார்வையில், போர்முனையில் நிற்பதற்கு எவ்விதத்திலும் குறையாத துணிவு இது. அம்மை நோயில் தலைக்குழந்தையைப் பறிகொடுத்த பின்னரும் அவர் விலகவில்லை. 1896 ஆகஸ்டில் புரட்சி வெடித்தபின் மலைகளுக்குச் சென்று, குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் பழகி, பட்டினியையும் தாங்கினார். இவற்றை அவரே 1928இல் தம் வாழ்க்கைக் குறிப்பாக எழுதியிருக்கிறார்.

ஆற்காடு அக்கா:
மாணவி அந்தக் குதிரை வண்டிக் காட்சியிலிருந்தே தொடங்கட்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெருக்கமாக்க வேண்டுமானால், நம் விடுதலைப் போராட்ட வீராங்கனை கடலூர் அஞ்சலையம்மாளையும் ஓரிரு வரிகளில் சேர்க்கலாம். கருவுற்றிருந்த நிலையில் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்ட அவர், பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, கைக்குழந்தையுடன் மீண்டும் சிறைக்குத் திரும்பினார். இருவரையும் ஒப்பிட்டு எவர் பெரியவர் என்று பேச வேண்டாம். போராட்டங்கள் வேறு, நாடுகள் வேறு.

"மனைவி" என்ற சொல்லை அடியோடு நீக்கவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. தேவாலயத்தில் மணமுடித்தபின் அவர்கள் இயக்கத்தின் முறைப்படியும் மணம் செய்துகொண்டார்கள். அவருக்கு "லகாம்பினி" என்ற இயக்கப் பெயரும் சூட்டப்பட்டது. தாமும் ஓர் உறுப்பினர் என்பது அதிலேயே தெரிகிறதல்லவா?

குடியாத்தம் ஆசிரியை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அவர் மறுமணம் செய்துகொண்டதாகவும் அறிகிறேன். பள்ளி மேடையில் அதைச் சொல்லலாமா என்று தயங்குகிறேன்.

காட்பாடி வாசகர்:
தயங்காமல் சொல்லச் செய்யுங்கள் அம்மா. அதே புரட்சியில் பங்கேற்ற இசையமைப்பாளர் ஹூலியோ நக்பிலை 1898இல் மணந்து, பிள்ளைகளை வளர்த்து, 1943 வரை வாழ்ந்தார். 22 வயதோடு அவருடைய கதையை நிறுத்திவிட்டால், அவர் வாழ்ந்த ஏறத்தாழ 46 ஆண்டுகள் விடுபட்டுப்போகும்.