ஒட்டுப்போட்ட வீட்டைப் பிரித்த கதை

*சுங்கை சிப்புட்டிலிருந்து*

பழைய வீட்டை ஆள் வைக்காமல் தானே சரிசெய்தவர்கள் உண்டா என்று போன வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எட்டு மாதமாக நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். நகக்கண்ணில் ஏறிய சிமெண்டு இன்னும் போகவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு அப்பாவுடையது. தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர், சேமநிதியில் எடுத்த பணத்தில் சுங்கை சிப்புட் டவுனுக்குப் பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) வாங்கினார். இடுப்பளவு கல், அதற்கு மேல் பலகை, தலைக்கு மேல் தகரம். இரண்டு அறை, ஒரு ஹால், பின்னால் நீட்டிக் கட்டிய குசினி (சமையலறை). அப்பா போனபின் மூன்று வருடம் பூட்டிக் கிடந்தது. அம்மா என்னோடு ஈப்போவில் இருக்கிறார். "இந்தத் தீபாவளிக்காவது நம்ம வீட்டுல விளக்கு ஏத்தணும்டா" என்றார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒரு காண்டிராக்டரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்க" என்று ஒரு தொகை சொன்னார். கேட்டதும் நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ரோஷம்தான், வேறென்ன. மரவேலை கொஞ்சம் வரும். கொத்து வேலை சுத்தமாக வராது.

வேலையில் இறங்கியபின்தான் தெரிந்தது, வீடு பழசாக இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை. முதலில் கட்டியவர் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார். தூணெல்லாம் செங்கால் மரம், அடிக்கிற ஆணிதான் வளைகிறது. கெடுத்தது அதற்குப் பிறகு வந்த ரிப்பேர்கள். ஒழுகினால் தார், உரிந்தால் சாயம், ஈரம் கண்டால் சிமெண்டு, தரை பொரிந்தால் மேலே ஒரு ரப்பர் பாய். யாரும் எதையும் எடுக்கவில்லை, மூடி மூடி வைத்திருந்தார்கள். எட்டு மாதத்தில் ஐந்து மாதம் எனக்குப் பிரிக்கிற வேலைதான்.

கூரையிலிருந்து தொடங்கினேன். நெளித் தகரத்தில் ஆணி மேட்டில் இறங்க வேண்டும். பள்ளம் தண்ணீர் ஓடுகிற வழி. எப்போதோ வந்த ஒரு புண்ணியவான் பள்ளத்தில் அடித்திருக்கிறார். ஒழுகியதும் மேலே தார். வெயிலில் தார் வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் தங்கி, தகரமே அரித்துப்போய், அதற்கு மேல் இன்னொரு தார். பதினோரு தகரத்தைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். ரப்பர் வாஷர் வைத்த திருகாணி, ஒவ்வொன்றும் மேட்டில். பக்கத்துக்குப் பக்கம் ஒன்றரை நெளி மேலேறி நிற்கும்படி அடுக்கி, ஒட்டுவாய் சாரல் அடிக்கிற பக்கம் பார்க்காதபடி திருப்பி வைத்தேன். ஏறுகிறவர்களுக்கு ஒன்று: ஆணி வரிசை போகிற இடத்தில்தான் அடியில் சட்டம் இருக்கும், அங்கே மட்டும் காலை வையுங்கள். காலை ஏழு மணிக்கே ஏறிவிடுங்கள். நான் முதல் நாள் நன்றாகப் பசியாறிவிட்டு, பதினோரு மணிக்கு ஏறி, முழங்காலைச் சுட்டுக்கொண்டு இறங்கினேன்.

ஹாலில் ரப்பர் பாய் மூன்று அடுக்கு. மூன்றாவதற்கும் அடியில் தமிழ் நேசன் தாள்களைப் பரப்பியிருந்தார்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை, எங்கள் வீட்டில் அதற்குப் பிறகும் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தில் தாள் கூழாகி, எழுத்து மட்டும் சிமெண்டில் இடம்வலம் மாறிப் பதிந்திருந்தது. அம்மாவின் கைக்கண்ணாடியைத் தரையில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஏதோ ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். வேலை நேரத்தில் இப்படிக் கால் மணி நேரம் வீணாக்கலாமா என்றால், தனியாகச் செய்கிற வேலையில் வேறு என்ன சுகம் இருக்கிறது.

சரி, சுவருக்கு வருகிறேன். என்னை அழவைத்தது அதுதான். முன்பக்கச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிரும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா அதைச் சுரண்டிப் பூசுவார். நானும் அதையேதான் செய்தேன். தண்ணீர் புகாத பூச்சு என்று ஹார்ட்வேர் கடையில் கொடுத்ததை வாங்கிப் பூசி, கைபேசியில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஐந்தாவது வாரம் என் பூச்சுக்கு மேலே, பலகையை ஒட்டிப் புதிதாக உப்பு கிளம்பியிருந்தது. கீழே வழியை அடைத்ததால் ஈரம் இன்னும் மேலே ஏறி வெளியே வந்திருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை. வேலை ஓடாமல் வாசலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரைத் தண்ணீர் முன்வாசல் சிமெண்டில் விழுந்து, லொங்காங் (சாக்கடைக் கால்வாய்) பக்கம் போகாமல், நிதானமாகச் சுவரைப் பார்த்து வந்தது. மழை விட்டதும் அளந்தால், வெளிச் சிமெண்டு உள்தரையைவிட நான்கு அங்குலம் உயரம். இத்தனை வருடம் சுவரை வைதோம், சுவர் பாவம், குளத்துக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

கடப்பாரையும் சுத்தியலும் வைத்து நான்கு வாரக் கடைசி உடைத்தேன். மூன்று அடுக்கு சிமெண்டு. மேல் அடுக்கு பெயர்ந்த இடத்தில், நடு அடுக்கின் முகத்தில் ஒரு சைக்கிள் டயர் தடம் வளைந்து போனது. என் சைக்கிள். ஈரம் காயாத சிமெண்டில் ஓட்டியதற்கு வாங்கிய அடியும் ஞாபகம் வந்தது. அந்த அடுக்கைப் போட்டவர் அப்பா. வெள்ளம் உள்ளே வரக்கூடாது என்றுதான் உயர்த்தினார், ஆனால் தண்ணீர் ஓடுகிற வாட்டம் (சரிவு) பார்க்கவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது, "உங்கப்பா சும்மா விட்டாரா, வருசா வருசம் பூசிக்கிட்டேதானே இருந்தாரு" என்றார். நான் மேற்கொண்டு பேசவில்லை.

வெளித்தரையை உள்தரையைவிட ஆறு அங்குலம் இறக்கி, நான்கடிக்கு ஓர் அங்குலம் லொங்காங் பக்கம் சரியும்படி போட்டேன். அப்புறம் சுவரின் பழைய பூச்சை முழுக்க உரித்து, மூன்று மாதம் வெறும் கல்லாக விட்டுவிட்டேன். உப்பைக் காய்ந்த தூரிகையால்தான் தட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பக் கல்லுக்குள் போய்விடும். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "காசு தீர்ந்துபோச்சாப்பா?" என்று கேட்டார்கள். பிறகு சிமெண்டு ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்து பூசி, ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைத்தேன். பளபளப்புச் சாயம் அடிக்கவில்லை, சுவர் மூச்சு விடட்டும். இரண்டு பெருமழை தாண்டிவிட்டது, இதுவரை உப்பு இல்லை.

மின்சாரத்தில் நான் கை வைக்கவில்லை. பழைய ஒயரின் ரப்பர் உறை தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு முழுக்க மாற்றினேன். அதில் மட்டும் ரோஷம் வேண்டாம்.

*தெலுக் இந்தானிலிருந்து*

அண்ணே, சீலிங் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. அந்தக் காலத்து வீடுகளில் சீலிங்குக்குச் சாம்பல் நிறத்தில் தட்டைத் தகடு இருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். எங்கள் வீட்டில் தெரியாமல் சுத்தியலால் தட்டி உடைத்து, துடைப்பம் போட்டுப் பெருக்கினோம். செய்யவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலில் தங்கிவிடும், தொல்லை எத்தனையோ வருடம் கழித்து வரும். அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று ஆள் இருக்கிறார்கள்.

*லாபிஸிலிருந்து*

உங்களுக்குச் சொந்த வீடு, கொடுத்துவைத்தவர். என் மாமா, தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டுக்கு (வரிசை வீட்டுக்கு) சொந்தக் காசில் டைல்ஸ் போட்டு, குசினியை நீட்டி, வாசலுக்கு ஒரு கேட் கூட வைத்தார். வேலை ஓய்ந்ததும் காலி செய்யச் சொன்னார்கள். கேட்டை மட்டும் கழற்றி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்துக் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் இருக்க வேண்டும் என்று மலேசியாவில் 1990இலேயே சட்டம் போட்டார்கள், பழுது பார்ப்பதும் நிர்வாகத்தின் பொறுப்புதான். தோட்டத்தில் இருப்பவர்கள் சிமெண்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

*பாடாங் செராயிலிருந்து*

தம்பி, கரையான் பார்த்தீர்களா? நானும் தங்கையும் எங்கள் அம்மா வீட்டைச் செய்தபோது பலகையெல்லாம் புது மாதிரி மினுங்கியது. தங்கை சாய்ந்து நின்றாள், முழங்கை உள்ளே போய்விட்டது. சாயம் மட்டும்தான் பலகையாக நின்றிருக்கிறது! மருந்து அடித்தோம், ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. கடைசியில் பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் மண்ணுக்குள் ஒரு பழைய பால்மரத்துக் கட்டை, அங்கிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பால்மரம் அதற்குப் பிடித்த சாப்பாடு. கல்லும் பலகையும் சேருகிற இடத்தில் படுத்திருக்கும் சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள்.

*சுங்கை சிப்புட்டிலிருந்து*

பாடாங் செராய் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு நேற்று வேலை முடிந்து காடியை (காரை) அப்படியே கம்பத்துக்கு விட்டேன். முன்பக்கச் சட்டம் கெட்டியாக இருக்கிறது. குசினிப் பக்கம் குத்தினேன், திருப்புளி கைப்பிடி வரை இறங்கியது. தண்ணீர்த் தொட்டியை நகர்த்தினால் அடியில் கட்டை. பால்மரம்தான். அதற்கும் மேலே யாரோ சிமெண்டு பூசி வைத்திருக்கிறார்கள்.

தெலுக் இந்தான் தம்பி, சீலிங் பலகைதான், நன்றி. சனிக்கிழமை கடப்பாரையோடு போகிறேன். தீபாவளிக்குள் குசினி முடியாது போலிருக்கிறது, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.