மறு: எத்திக்ஸ் – ஒழுக்கநெறியா, அறநெறியா, பணியறமா?

வணக்கம்.

இரண்டு நாள் மடல் பார்க்கவில்லை, அதற்குள் இழை இவ்வளவு நீண்டுவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

‘எத்திக்ஸ்’ (ethics) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதைப் போடலாம் என்று ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் அரச ஊழியர்களுக்கு நடக்கும் பயிற்சி ஒன்றுக்குக் கையேடு மொழிபெயர்க்கிறேன். எத்திக்ஸ், மொராலிட்டி, வெல்யூஸ் மூன்றும் ஒரே தலைப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. போன முறை அட்டையில் ‘ஒழுக்கநெறிப் பயிற்சி’ என்று போட்டிருந்தேன். காலையில் வரவுப் பதிவில் கையெழுத்து வைக்க வந்த முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, என்ர பேரில ஆரும் பெட்டிசம் போட்டவையோ?” என்று மெதுவாகக் கேட்டார். பிழை அவரில் இல்லை. அரச ஊழியர்களுக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதி ஒழுக்காற்று நடவடிக்கைக்கென்றே இருக்கிறது. வள்ளுவருக்கு ‘ஒழுக்காறு’ நல்ல வழி. எங்கள் கந்தோரில் அது விசாரணைக் கடிதம்.

சென்னை நண்பர் ‘நெறிமுறை’ போதும் என்கிறார். இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் 2013 முதல் இதற்கென்றே ஒரு தாள் இருப்பதால் அங்கே சொல் பழகியிருக்கும். இங்கே நெறிமுறை என்றால் எந்தப் படிவத்தை எந்த மேசையில் கொடுப்பது என்பதுதான் நினைவுக்கு வரும். மட்டக்களப்பு அக்காவின் ‘அறநெறி’ எனக்கும் பிடித்த சொல். ஆனால் அறநெறிப் பாடசாலைக்கு ஞாயிற்றுக்கிழமை போய் வளர்ந்தவர்கள் அட்டையைக் கண்டதும் தேவாரம் பாடமாக்க வேண்டுமோ என்று யோசிப்பார்கள். சிங்களத்தில் ‘ஆசார தர்ம’ என்கிறார்கள். அதை அப்படியே இறக்கினால் தமிழில் மடியும் தீட்டும் கூடவே வந்துவிடும்.

வேர்ச்சொல்லைப் பார்த்துப் பிரியுங்கள் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். பார்த்தேன், அங்கே உதவி கிடைக்கவில்லை. எத்திக்ஸ் கிரேக்க வழி, மொரல் இலத்தீன் வழி. இரண்டுக்கும் அடியில் கிடப்பது வழக்கம், பழக்கம் என்ற பொருள்தான். கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக இலத்தீனில் புதுச்சொல் செய்தவர் பண்டைய ரோமச் சிந்தனையாளர் சிசரோ. அவரும் நம்மைப்போல ஒரு கலைச்சொல்காரர்! ஆக, வித்தியாசம் வேரில் இல்லை, பிற்காலப் பயன்பாட்டில் இருக்கிறது. அந்தப் பயன்பாட்டைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

எனக்கு அந்த வித்தியாசம் விளங்கியது மக்களிடம் விண்ணப்பம் வாங்கும் ஒரு கருமபீடத்தில். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். ஹற்றனில் இருந்து இரவு பஸ்ஸில் வந்த ஓர் அம்மாவின் விண்ணப்பத்தில் மூன்று குறைகள் இருந்தன. உத்தியோகத்தர் முதல் குறையை மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை வந்தபோது இரண்டாவதைச் சொன்னார். மூன்றாவதற்கு இன்னொரு பயணம். அந்த உத்தியோகத்தர் ஐந்து சதம் கை நீட்டி வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை விரதம், வெற்றிலைகூடப் போடாதவர். எந்தச் சுற்றுநிருபத்தையும் மீறவில்லை. ஒழுக்கத்தில் குறை சொல்ல முடியாத மனிதர்தான், ஆனால் அந்தக் கதிரையில் இருப்பவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அந்தக் குறைக்குத்தான் எனக்குப் பெயர் வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: மொராலிட்டிக்கு ‘ஒழுக்கம்’, ஆள் எங்கே இருந்தாலும் கூடவே போவது. வெல்யூஸுக்கு ‘விழுமியம்’, அதில் சண்டையில்லை என்று நினைக்கிறேன். பொதுச் சேவையில் எத்திக்ஸுக்குப் ‘பணியறம்’. இல்லறம், துறவறம் என்று நிலைக்கேற்ற அறத்தைப் பிரித்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. கதிரைக்குரிய அறம் பணியறம். படிப்புத்துறையாகச் சொல்லும்போது ‘அறவியல்’ இருக்கட்டும்.

“‘பணியற’ என்றால் வேலை இல்லாமல் என்றல்லவா விளங்கும், மாசற என்பதுபோல?” என்று தம்பி கேட்டதற்கு வாய்விட்டுச் சிரித்தேன். நியாயமான கேள்விதான். ஆனால் ‘இல்லறம்’ என்பதை யாரும் ‘இல்லாத அறம்’ என்று பிரிப்பதில்லையே! பழகினால் சரியாகிவிடும். ‘பணி’ என்றதும் பணிந்து போவது நினைவுக்கு வருகிறது என்ற அக்காவின் தடை இதைவிடக் கனமானது. மேலதிகாரி சொன்னதைச் செய்வதே அறம் என்று யாராவது வாசித்தால் கதை தலைகீழாகிவிடும். இருந்தாலும் பணிப்பாளர், பணிக்கொடை, பணிநீக்கம் என்று கந்தோருக்குள் தினமும் புழங்கும் சொல் அது. அங்கெல்லாம் யாருக்கும் கும்பிடு நினைவுக்கு வருவதில்லை. ‘சேவையறம்’ என்று மாற்றிப் பார்த்தேன், தொண்டு நிறுவனத்தின் பெயர்போல இருக்கிறது.

பிரித்தானியாவில் 1995இல் நோலன் குழு பொதுப் பதவியில் இருப்பவர்களுக்கென்று வகுத்த ஏழு கொள்கைகளும் கையேட்டில் வருகின்றன. அதில் ஹொனஸ்டியும் இன்டெக்ரிட்டியும் தனித்தனி. முன்னதற்கு ‘வாய்மை’, பின்னதற்கு ‘நேர்மை’ என்று இப்போதைக்குப் பிரித்திருக்கிறேன். ‘நாணயம்’ என்று போட்டால் இந்தக் காலத்தில் சில்லறை கேட்பதாக நினைப்பார்கள்.

அட்டை வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பணியறம்’ என்று பெரிதாகவும், கீழே சின்ன எழுத்தில் ‘விசாரணை அல்ல, பயிற்சி’ என்றும் போடலாமா என்று யோசிக்கிறேன். இரண்டாவது வரி பகிடிக்கு எழுதியதுதான், ஆனால் அந்த முகாமைத்துவ உதவியாளரை நினைத்தால் விடவும் மனமில்லை. புதன் இரவுக்குள் யாராவது நல்ல தடை சொன்னால் மாற்றிவிடுவேன்.

வெள்ளவத்தையிலிருந்து,
உங்கள் மொழிபெயர்ப்பாளர்