பற்றாசு விழுது: என் பரிந்துரை

வணக்கம் நண்பர்களே,

மின்சுற்றுப் பலகையில் சில்லுகளைப் பற்றவைக்க உதவும் சால்டர் பேஸ்ட்டுக்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் இதுவரை வந்தவை பற்றாசுப் பசை, பற்றாசுக் களிம்பு, ஈய விழுது. பற்றாசில் எனக்கு மறுப்பே இல்லை. பொற்கொல்லர் தொழிலில் பிறந்த சொல் அது. ஆசிடை நேரிசை வெண்பாவில் முதல் குறளையும் தனிச்சொல்லையும் இணைக்க வரும் அசைகளைக்கூட, உலோகத் துண்டுகளை இணைக்கும் பற்றாசைக் காட்டித்தான் விளக்குவார்கள். புதுச்சேரி நண்பர் சொன்ன ஈயத்தை எடுத்துக்கொண்டால், காரீயம் சேராத வகையை ‘ஈயமில்லா ஈய விழுது’ என்று எழுத நேரும்.

பசை என்றால் காய்ந்து ஒட்டுவது. இது காய்ந்தால் குப்பைக்குத்தான். களிம்பு இன்னும் சிக்கல், செம்பில் பிடிக்கும் பச்சைக்கும் அதுதானே பெயர்? செம்பின் மேலுள்ள ஆக்சைடை நீக்கத்தான் பேஸ்ட்டில் பிளக்ஸ் கலக்கிறார்கள். பலகையின் செப்புத் திட்டின் மேல் ‘களிம்பு பூசு’ என்று எழுதினால் படிக்கிற பிள்ளை குழம்பிப் போகும்.

அதனால்தான் விழுது என்கிறேன். பிளக்ஸில் குழைத்த உலோகப் பொடி இது. விழுது என்றதும் எவ்வளவு நைசு என்று கேட்கத் தோன்றும். வீட்டில் செய்பவர் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான். அடுத்தடுத்த கால்களின் இடைவெளி 0.5 மி.மீ. உள்ள சில்லுக்கு, விழுதைப் பலகையில் பதிக்க உதவும் ஸ்டென்சில் தகட்டில் துளையின் அகலம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அந்த அகலத்தில் உலோகப் பொடியின் மணிகள் குறைந்தது ஐந்தாவது பக்கம் பக்கமாக நிற்க வேண்டும் என்பது தொழில் வழக்கு. விழுதை மணியின் அளவை வைத்து டைப் 3, டைப் 4 என்று பிரிப்பார்கள். டைப் 4 விழுதில் மணிகள் 20 முதல் 38 மைக்ரான், தாராளமாக நிற்கும். டைப் 3 மணிகள் 45 மைக்ரான் வரை போகும். இடைவெளி 0.4 மி.மீ. ஆனால் துளை இன்னும் குறுகும், டைப் 3 அங்கே அடைத்துக்கொள்ளும்.

வினையும் தானாக வந்துவிடுகிறது: விழுதை வழிக்கிறோம். வழிக்கும் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக, ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வழித்தால் விழுது ஸ்டென்சிலுக்கு அடியில் கசிந்து கால்களைச் சேர்த்துவிடும். வழிக்கும் தகடான ஸ்க்வீஜிக்கு வழிப்பான் என்றே வைக்கலாம்.

செய்முறைக் குறிப்பில் ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில், அதுவும் ஐப்பசி மழையில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த விழுது டப்பாவை உடனே திறக்கக் கூடாது. காற்றின் ஈரம் விழுதில் இறங்கிவிடும். சூடேற்றும்போது தெறித்துக் கால்களுக்கு நடுவே குட்டி உருண்டைகளாக நிற்கும். மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும், அப்புறம் திறக்கலாம்.

ஸ்டென்சிலுக்குத் துளைத்தகடு சரி என்று படுகிறது. பிளக்ஸைத் தனி மடலில் பேசுவோம். உலை வேலைக்கு வழங்கும் ‘இளக்கி’ இங்கே பொருந்துமா என்று யோசித்து வாருங்கள்.